பழைய ஃபைலோடு புது டாக்டரிடம்

எலும்பும் மூட்டும்: வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம், இப்போது வேறு ஆஸ்பத்திரியில் வேறு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகிறோம், எதை எடுத்துப் போவது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது? கடைசிக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: எதையும் விடாதீர்கள். மற்றதெல்லாம் கீழே.

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் வலி, வலது பக்கம் அதிகம். பல வருஷமாகப் பார்க்கும் டாக்டர், மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மதுரையில் வேறு ஒரு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஒரு பை நிறைய ரிப்போர்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகவா?
- வாசகி, பெரியகுளம்

அந்தப் பையை எனக்கு நன்றாகத் தெரியும். ஜவுளிக்கடைப் பை, அதற்குள் மடித்த எக்ஸ்ரே, மெடிக்கல் ஷாப் பில், சர்க்கரை டெஸ்ட் சீட்டு, எப்போதோ வந்த காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை, கூடவே ரேஷன் கார்டு ஜெராக்ஸ். டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்து மகள் ஒவ்வொன்றாக உருவ, அம்மா "அது இல்லடி, நீல கவர்ல இருக்கும் பாரு" என்று சொல்ல, கிடைத்த கொஞ்ச நேரத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், தப்பில்லை. ஆனால் முதல் நாள் ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து பிரித்துவிடுங்கள்.

முதலில் படங்கள். எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ, ஃபிலிம் அல்லது சி.டி. கையில் இருக்கவேண்டும், கூட வரும் ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. ரிப்போர்ட் என்பது படத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதியது, ஆபரேஷன் பற்றி முடிவெடுக்கப் போகிறவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். தேதி வாரியாக அடுக்குங்கள். பழைய எக்ஸ்ரே எதற்கு என்று தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்ததையும் போன மாதம் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தால் தேய்மானம் வேகமாக ஓடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும், எவ்வளவு செலவழித்துப் புது ஸ்கேன் எடுத்தாலும் அந்தத் தகவல் கிடைக்காது. அப்புறம், இப்போது வரும் ஃபிலிம்களில் நிறைய சூட்டால் அச்சாகிறவை, வெயிலில் நிறுத்திய காரின் பின்சீட்டில் விட்டால் கறுத்துப்போகும். சி.டி. என்றால் வீட்டிலோ தெரிந்தவர் கம்ப்யூட்டரிலோ ஒருமுறை போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் ஸ்கேன் சென்டரிலேயே வேறு சி.டி. கேளுங்கள், அல்லது பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு போனில் எடுத்த போட்டோ அவசரத்துக்குத்தான், அதில் மூட்டு இடைவெளியெல்லாம் சரியாகப் பார்க்க முடியாது.

அடுத்தது அம்மாவின் கதை. அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள், தமிழிலேயே எழுதுங்கள், யாரும் மார்க் போடப்போவதில்லை. எப்போது ஆரம்பித்தது, விழுந்ததால் வந்ததா, தானாக வந்ததா. விழுந்திருந்தால், வீக்கம் அன்றைக்கே சில மணி நேரத்தில் வந்ததா, மறுநாள் காலையில் வந்ததா? உடனே உப்பியிருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், ஜவ்வு அறுந்திருக்கலாம் என்று எங்கள் யோசனை போகும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கிப் பிடிக்கிறதா, எவ்வளவு நேரம்? அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் தேய்மானத்தின் வழக்கம் அதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது, கை விரல் மூட்டும் சேர்ந்து வீங்குகிறது என்றால் அது ருமட்டாய்டு வகை வாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு, சில சமயம் டாக்டரே வேறு.

வலி எங்கே என்று கேட்டால் பெரும்பாலான அம்மாக்கள் உள்ளங்கையால் முட்டி முழுவதையும் தடவிக் காட்டி "இங்கெல்லாம்தான்" என்பார்கள். ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி வீட்டில் ஒத்திகை பாருங்கள். உள்பக்கமா, முன்னால் சில்லைச் சுற்றியா, பின்னால் மடிப்பிலா? மாடிப்படி ஏறும்போதா, இறங்கும்போதா? முட்டி வலி என்று வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும், வலி மட்டும் முட்டியில் தெரியும். இன்னும் சிலருக்கு முதுகுத்தண்டில் இருக்கும். கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து மரத்துப்போகிறது, எங்கேயாவது திண்ணையில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி நடக்க முடிகிறது என்றால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள், முட்டித் தேய்மானம் மட்டும் அப்படிச் செய்யாது.

"ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதை வைத்துக்கொண்டு எங்களால் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. "முன்னெல்லாம் தென்கரையில இருந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போயிட்டு வருவேன், இப்ப தெருமுனை தாண்ட முடியல", "தரையில உட்கார்ந்தா எழுப்பிவிட ஆள் வேணும்", "ராத்திரி ரெண்டு தடவை வலியில முழிச்சுக்கிறேன்" என்று சொன்னால் அது தகவல். மூட்டு மாற்று ஆபரேஷன் வேண்டுமா என்பதை எக்ஸ்ரேயை விட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை கிரேடு போடுவோம். கிரேடு 4 வந்தும் தினமும் காலையில் வாக்கிங் போய்க்கொண்டிருக்கிறவருக்கு நான் ஆபரேஷன் பேச்சையே எடுக்கமாட்டேன். கிரேடு 3 வைத்துக்கொண்டு பாத்ரூம் போக அழுகிறவருக்கு, மருந்தும் பயிற்சியும் சரியாகச் செய்து பார்த்துப் பலிக்கவில்லை என்றால், பேசித்தான் ஆகவேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். "காலையில ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன ரோஸ் மாத்திரை" என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது, அட்டையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை எல்லாம் சேர்த்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரையும்தான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஈட்டோரிகாக்சிப் இவற்றை மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம், வயிறு, பிரஷர் மூன்றையும் தொந்தரவு செய்யும், அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டி வரும். நாட்டு மருந்துப் பொடி ஏதாவது சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துபோனது என்றால் அதை முக்கியமாகச் சொல்லுங்கள், அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அப்பாயின்ட்மென்டுக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி மாத்திரை போட்டுவிட்டு வந்தால் எத்தனை மணிக்குப் போட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்.

முட்டிக்குள் ஊசி போட்டிருந்தால் என்ன ஊசி, எந்தத் தேதி? "மூட்டுல ஊசி போட்டாங்க" என்பதில் ஸ்டீராய்டு, ஜெல், பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடுவது) என்று மூன்று வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஸ்டீராய்டு என்றால் தேதி ரொம்ப முக்கியம், கிருமி தொற்றும் அபாயம் இருப்பதால் அந்த ஊசி போட்டு மூன்று மாதமாவது போன பிறகுதான் மூட்டு மாற்று ஆபரேஷனை வைத்துக்கொள்வோம். பழைய சீட்டில் எழுத்து புரியவில்லை என்றால் போட்ட இடத்திலேயே போன் செய்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட் ஒன்று கையில் இருக்கட்டும், ஆபரேஷன் என்று முடிவானால் முதலில் கேட்பது அதைத்தான்.

பலர் புது டாக்டரைப் பார்க்கப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறார்கள். அம்மா தினமும் போடும் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, இடது வலது ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தால் அம்மா எப்படிக் கால் ஊன்றுகிறார் என்பது கொஞ்சம் தெரியும். அறைக் கதவிலிருந்து நாற்காலி வரை நடந்து வருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம், அதனால் வலி இல்லாத மாதிரி விறைப்பாக நடக்கவும் வேண்டாம், கூட நொண்டவும் வேண்டாம்.

கூடவே ஒரு வேண்டுகோள்: அம்மாவைப் பேச விடுங்கள். மகள் பேசுவார், மருமகன் பேசுவார், வெளிநாட்டிலிருந்து அண்ணன் வீடியோ காலில் பேசுவார், வலிக்கிறவர் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அவர் சொல்லி முடித்த பிறகு விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். "ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடுங்க டாக்டர்" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பிக்கவும் வேண்டாம். பழைய டாக்டர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், அது தெரிந்தால் புது டாக்டர் தன் கருத்தை மாற்றிக்கொண்டுவிடுவாரோ என்று பயப்படாதீர்கள்.

தம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து உள்ளே ராடு வைத்தார்கள். இப்போது அதே இடத்தில் வலி. ராடை எடுக்கலாமா என்று வேறு ஆஸ்பத்திரியில் கேட்டால், பழைய ஆபரேஷன் விவரம் கொண்டுவா என்கிறார்கள். பழைய இடத்தில் போய்க் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. கேட்டால் தருவார்களா?
- வாசகர், ஓசூர்

தரவேண்டும், அது சட்டப்படி உங்கள் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவரின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். உங்களுக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ரிசப்ஷனில் வாய்வார்த்தையாகக் கேட்டால் நாளை வா, மறுநாள் வா என்றுதான் சொல்வார்கள். தம்பியின் பெயர், அட்மிஷன் நம்பர், சேர்ந்த தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி போட்டு, கையெழுத்தோடு ஒரு மனு எழுதி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் செலவு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கேட்கவேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமல்ல, ஆபரேஷன் நோட்ஸ். அதில் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், எந்த கம்பெனி, என்ன அளவு, என்ன உலோகம் என்று. இது ஏன் என்றால், ராடையும் ஸ்க்ரூவையும் கழற்றும் கருவிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஸ்க்ரூவின் தலை அறுகோணமா நட்சத்திரமா என்பதே மாறும். தெரியாமல் உள்ளே போய் டூல் பொருந்தாமல் நிற்கும் நிலைமை எந்த சர்ஜனுக்கும் பிடிக்காது. பின்னால் என்றைக்காவது எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டி வந்தாலும் அந்த ஸ்டிக்கர் உதவும்.

விபத்து கேஸ் என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கலாம், ஒரிஜினல் பேப்பரெல்லாம் நஷ்டஈட்டு வழக்குக்காக வக்கீலிடம் இருக்கும், பல வீடுகளில் இது மறந்தே போயிருக்கும். அவரிடம் கேட்டு எல்லாவற்றையும், முக்கியமாக முறிந்த அன்றைக்கு எடுத்த முதல் எக்ஸ்ரேயை, நகலோ நல்ல ஸ்கேன் காப்பியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். ராடை எடுப்பது இரண்டாவது கேள்வி, எலும்பு முழுசாகச் சேர்ந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. சேராமல் இருந்தாலும் வலிக்கும், அப்போது ராடை எடுக்கிற பேச்சே வராது. ஆபரேஷன் செய்த இடத்தில் எப்போதாவது சீழ் வந்ததா, காய்ச்சல் வந்ததா, தம்பி சிகரெட் பிடிப்பாரா என்று கேட்பார்கள். அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரே என்று கடைசிக் கேள்விக்குத் தம்பி பொய் சொல்லவேண்டாம், சிகரெட் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும்.

சங்கடம் என்கிறீர்கள். நோயாளிகள் வேறு டாக்டரிடம் போவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முடியவில்லை என்றால் நாங்களும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. புத்தூரில் நாட்டு வைத்தியக் கட்டு போட்டுக்கொண்டேன். இப்போது கை கோணலாக இருக்கிறது, திருப்பினால் வலி. சென்னையில் எலும்பு டாக்டரிடம் போகிறேன். கட்டு போட்டதைச் சொன்னால் திட்டுவாரோ?
- வாசகர், திருத்தணி

திட்டலாம். அரை நிமிஷம் திட்டுவார், அதற்கு மேல் அவருக்கும் நேரம் இல்லை. அந்த அரை நிமிஷத்துக்குப் பயந்து மறைத்தால் நஷ்டம் உங்கள் கைக்குத்தான். எந்தத் தேதியில் விழுந்தீர்கள், எத்தனை நாள் கழித்து முதல் கட்டு, எத்தனை முறை அவிழ்த்துக் கட்டினார்கள், நடுவில் உருவிவிட்டார்களா, எண்ணெய் தேய்த்தார்களா, எல்லாம் சொல்லுங்கள். கட்டுக்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்திருந்தால் அது தங்கம். விரல் நுனி மரத்திருக்கிறதா, ராத்திரியில் கட்டை விரல் பக்கம் ஊசி குத்துவது போல் இருக்கிறதா, விரல்களை முழுசாக மடக்கி நீட்ட முடிகிறதா என்பதையும் கவனித்துக்கொண்டு போங்கள். கோணலாகச் சேர்ந்த எல்லாக் கையையும் மறுபடி ஆபரேஷன் செய்து நேராக்க வேண்டியதில்லை, என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கை, எந்த வேலைக்கு இடைஞ்சல் என்பதைப் பொறுத்தது. அதனால் தொழிலையும் சொல்லுங்கள். தறி ஓட்டுகிறவருக்கு வேண்டிய மணிக்கட்டு வேறு, கணக்கு எழுதுகிறவருக்கு வேண்டியது வேறு.

ஆறு மாதத்துக்கு முன்தான் முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். வயது 58. புது ஆஸ்பத்திரியில் மறுபடி எக்ஸ்ரே எடு, ஸ்கேன் எடு என்கிறார்கள். கமிஷனுக்காகவா?
- வாசகர், கோயம்புத்தூர்

எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முட்டித் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுக்கவேண்டும், உடம்பு எடை மூட்டின் மேல் இறங்கினால்தான் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டு நன்றாக இருக்கிற மாதிரியே ஏமாற்றும். உங்கள் பழைய எக்ஸ்ரே படுத்து எடுத்ததாக இருந்தால் நின்று எடுக்கச் சொல்வது நியாயம், செலவும் அதிகமில்லை.

எம்.ஆர்.ஐ. வேறு கதை. புதிதாக விழவில்லை, முட்டி பூட்டிக்கொள்ளவில்லை, முன்னைவிடப் புதிதாக எதுவும் இல்லை என்றால் "இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா உங்க வைத்தியம் மாறும் டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. தெளிவான பதில் வந்தால் எடுங்கள். பழைய படம் மங்கலாக இருக்கிறது, ஆபரேஷனுக்கு அளவு வேண்டும், நடுவில் புதுத் தொந்தரவு வந்திருக்கிறது, இவையெல்லாம் நல்ல காரணங்கள்தான். "எங்க ஆஸ்பத்திரி ரூல்" என்பது நல்ல காரணம் இல்லை.

இன்னொன்று. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஜவ்வு (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிந்திருக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கவேண்டாம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் நடுத்தர வயதுக்காரர்களையும் முதியவர்களையும் வரிசையாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதமாக முட்டியில் வலி எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த வயதில் அது நரைமுடி மாதிரி. கிழிசல் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேட்கத் தயங்காதீர்கள்.

கணவருக்கு முதுகில் டிஸ்க் விலகி இடது காலில் குடைச்சல், ஒரு மாதமாக. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். மூன்றாவதாக ஒருவரிடம் போவதா? போனால் என்ன கேட்பது? உள்ளே போனால் ஐந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்களே!
- வாசகி, திருநெல்வேலி

போகலாம். ஆனால் "யார் சொல்றது சரி?" என்று கேட்கப் போகாதீர்கள், அப்படிக் கேட்டால் மூன்றாவதாக ஒரு கருத்துதான் கிடைக்கும். டிஸ்க் விலகி வரும் கால் குடைச்சல் பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும், வெளியே பிதுங்கியது தானாகச் சுருங்குவதும் உண்டு. அதனால் பொறுத்துப் பார்க்கலாம் என்றவர் சும்மா சொல்லவில்லை. மறுபுறம், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று போகிறது, பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் ஆபரேஷன் என்றவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதில் உங்கள் கணவர் எந்தப் பக்கம் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

ஐந்து நிமிஷம் என்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஏற்ற கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், மூன்று போதும். கால் பலம் குறைந்திருக்கிறதா, இல்லை வலி மட்டும்தானா? இன்னும் ஆறு வாரம் காத்திருந்தால் என்ன நஷ்டம் வரலாம்? ஆபரேஷன் செய்தால் இதில் எது சரியாகும், எது சரியாகாது? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. டிஸ்க் ஆபரேஷன் கால் குடைச்சலுக்கு நன்றாக வேலை செய்யும், முதுகு வலிக்கு அவ்வளவு உறுதி சொல்லமுடியாது. அது தெரியாமல் செய்துகொண்டு, கால் சரியான பிறகும் "ஆபரேஷன் ஃபெயிலியர்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சொல்கிற பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்தாலும் சரி. கேட்காமல் சட்டைப் பையில் ஓடவிடாதீர்கள், எங்களுக்குத் தெரிந்துவிடும்.

தனியார் ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றுக்குச் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு மாறலாமா? காப்பீட்டு அட்டை இருக்கிறது.
- வாசகர், விழுப்புரம்

தாராளமாக. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கிறது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தே செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தத் திட்டத்துக்குத் தகுதி, வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அட்மிஷன் சமயத்தில் அலைய வைக்கும். தனியாரிலும் இந்த அட்டை செல்லும், ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்கவேண்டும், அதோடு உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கவேண்டும். இதய சிகிச்சைக்கு அனுமதி இருக்கிற இடத்தில் எலும்புக்கு இல்லாமல் போகலாம். அங்கேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் போனிலாவது கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் எலும்புப் பிரிவு யூனிட் யூனிட்டாக இருக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. கிழமை உண்டு. முதல் முறை செவ்வாய்க்கிழமை போனால் அடுத்த முறையும் அதே கிழமையில் அதே ஓ.பி. சீட்டோடு போங்கள். கிழமை மாறினால் டாக்டர் மாறுவார், கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். தனியார் ஃபைலைக் காட்டினால் கோபித்துக்கொள்வார்களோ என்று சிலர் கேட்கிறார்கள், இல்லை, எடுத்துப்போங்கள்.

கடைசியில் தனியாரிலேயே செய்வது என்று முடிவானால், மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று நிர்ணயித்தது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றது அது. மூட்டின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர், விலை எல்லாம் பில்லில் தனியாகக் காட்டவேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. மிச்சத் தொகை அறை, தியேட்டர், டாக்டர் ஃபீஸ், பிசியோதெரபி என்று எப்படிப் பிரிகிறது என்று எழுதி வாங்குங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன டிரஸ் போடுவது? சிரிக்காதீர்கள்.
- வாசகி, கும்பகோணம்

சிரிக்கவில்லை, இதை எல்லோரும் கேட்கவேண்டும். முட்டிக்கு மேலே வரை துணியை ஏற்ற முடியவேண்டும், அதுவும் இரண்டு காலிலும், ஏனென்றால் நல்ல காலையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இறுக்கமான லெக்கிங்ஸ், ஜீன்ஸ் வேண்டாம். புடவை, லூஸான சுடிதார் பேன்ட் நல்லது, ஆண்களுக்கு வேட்டியை மிஞ்சிய உடையே இல்லை. தோளுக்கு என்றால் முன்னால் பட்டன் வைத்த சட்டை. எக்ஸ்ரேக்குக் கொலுசையும், கழுத்து எக்ஸ்ரே என்றால் செயினையும் கழற்றவேண்டி வரும், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் நிம்மதி. முந்தின ராத்திரி மூலிகை எண்ணெய், பத்து எதுவும் போடாதீர்கள், தோல் நிறமும் வீக்கமும் சரியாகத் தெரியாது, எங்கள் கையும் வழுக்கும்.

பெரிய டாக்டர் என்பதால் அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை வலி அதிகமானால் என்ன செய்வது?
- வாசகர், நாகர்கோவில்

வழக்கமான வலி கொஞ்சம் கூடுகிறது என்றால் இப்போது பார்க்கும் டாக்டரிடமே போங்கள், புது டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டதால் பழையவரிடம் போகக்கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் சில விஷயங்கள் மூன்று வாரம் என்ன, மூன்று நாள் கூடக் காத்திருக்கக் கூடாதவை. மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக, கூடவே காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே போகவேண்டும். முதுகு வலிக்காரருக்குச் சிறுநீர் போகாமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, உட்காரும் இடம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால்கள் துவண்டாலோ நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்பவேண்டியதுதான், இதில் மணிக்கணக்கு முக்கியம். ஆபரேஷன் செய்த காலோ, கட்டு போட்ட காலோ கெண்டைச் சதை இறுகி வீங்கினால், மூச்சு வாங்கினால், விரல்கள் நீலமானால் அதுவும் அப்படித்தான். இந்த நிலைமைகளில் எந்த டாக்டர் பெயருள்ளவர், எங்கே அப்பாயின்ட்மென்ட் என்று யோசிக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடுக்கி வைத்த அந்த ஃபைலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், கைக்கு எட்டவில்லை என்றால் விட்டுவிட்டுப் போங்கள், யாராவது பின்னால் கொண்டுவந்து கொடுக்கட்டும்.

(தோள்பட்டை இறுக்கம் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.)